பேஸ்ட் காய்ந்துவிட்டதா, தூசி அடைத்திருக்கிறதா?

தில்லியில் வெயில் ஏற ஏற லேப்டாப் ஃபேனின் இரைச்சலும் ஏறும். வீடியோ கால் நடுவில் படம் உறையும். கேம் திணறும். சில நேரம் திரை அணைந்து மெஷின் தானாகவே நின்றுபோகும். கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த நேரு ப்ளேஸில் எந்தக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனாலும் அநேகமாகக் கிடைக்கும் தீர்ப்பு ஒன்றுதான்: “பேஸ்ட் சூக் கயா ஹை.” ப்ராசஸருக்கும் அதன் சூட்டை வெளியேற்றும் கூலருக்கும் நடுவில் தடவும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும். சரியென்று வீட்டுக்கு வந்து இணையத்தில் தேடினால் குழப்பம் இன்னும் கூடும். பட்டாணி அளவு போதும் என்பார் ஒருவர், முழுக்கத் தடவ வேண்டும் என்பார் இன்னொருவர். வருடா வருடம் மாற்றச் சொல்வோரும் உண்டு, பத்து வருடம் தொடாமல் வைத்திருப்போரும் உண்டு.

இத்தனை குழப்பத்துக்கும் வேர், தெர்மல் பேஸ்ட் ப்ராசஸரைக் குளிர்விக்கிறது என்ற நினைப்பு. பேஸ்ட் எதையும் குளிர்விப்பதில்லை. இரண்டு உலோகப் பரப்புகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட காற்றை அப்புறப்படுத்துகிறது, அவ்வளவுதான் அதன் வேலை. அளவு, பிராண்டு, காலக்கெடு என்று மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் விடை இதிலிருந்தே வந்துவிடும்.

எவ்வளவு வெப்பம், எந்த வழியாக

ஒரு ப்ராசஸர் முழு வேலையில் 100 வாட் மின்சாரம் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது ஏறக்குறைய மொத்தமும் வெப்பமாகத்தான் வெளியேறும்; உள்ளே சக்கரம் எதுவும் சுழலவில்லை, விளக்கு எதுவும் எரியவில்லை. இந்த வெப்பம் பிறக்கும் இடம் ‘டை’ எனப்படும் சிலிக்கான் சில்லு. அதன் பரப்பு 2 சதுர சென்டிமீட்டர் என்றால், சதுர சென்டிமீட்டருக்கு 50 வாட். துணி தேய்க்கும் 1000 வாட் இஸ்திரிப் பெட்டியின் அடித்தகட்டை 200 சதுர சென்டிமீட்டர் என்று கணக்கிட்டால் அங்கே சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட்தான் வருகிறது. பரப்புக்குப் பரப்பு பார்த்தால் ப்ராசஸர் இஸ்திரிப் பெட்டியைப்போலப் பத்து மடங்கு.

இந்த வெப்பம் அறைக் காற்றில் கலக்கும்வரை கடக்க வேண்டிய வழி, ஒரு டெஸ்க்டாப்பில், இப்படி இருக்கும்:

1. டையிலிருந்து, அதன் மேலுள்ள உலோக மூடிக்கு. இடையில் தொழிற்சாலையில் வைத்த சாலிடரோ (உருக்கி ஒட்டும் உலோகம்) பேஸ்டோ இருக்கும்.
2. மூடியிலிருந்து கூலரின் அடித்தகட்டுக்கு. நாம் தடவும் பேஸ்ட் இங்கேதான்.
3. அடித்தகட்டிலிருந்து ஹீட் பைப் வழியாக மெல்லிய தகடுகளின் அடுக்குக்கு.
4. தகடுகளிலிருந்து, ஃபேன் தள்ளும் காற்றுக்கு.
5. அந்தக் காற்று பெட்டியை விட்டு வெளியே, அறைக்குள்.

லேப்டாப்பில் உலோக மூடி கிடையாது. டையின் மேலேயே பேஸ்ட், அதன் மேலேயே ஹீட்சிங்க், அதாவது வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் உலோகப் பகுதி. ஆகவே லேப்டாப்பில் பேஸ்டின் பொறுப்பு கூடுதல். சங்கிலியில் எந்தக் கண்ணி பழுதானாலும் திரையில் தெரியும் எண் ஒன்றுதான்: ப்ராசஸர் வெப்பநிலை. ஐந்து கண்ணிகளில் இரண்டாவதன் மேல் மட்டும் பழியைப் போடுவது நம் ஊர் வழக்கமாகிவிட்டது.

தட்டையான உலோகம் தட்டையாக இருப்பதில்லை

கூலரின் செம்பு அடி கண்ணாடிபோல் மின்னலாம். உருப்பெருக்கியில் பார்த்தால் மேடும் பள்ளமுமாக இருக்கும். அப்படிப்பட்ட இரண்டு பரப்புகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து அழுத்தினால் மேடுகள்தான் ஒன்றையொன்று தொடும். மற்ற இடமெல்லாம் காற்று. அடி நசுங்கிய பாத்திரத்தை மின்சார ஹாட் ப்ளேட்டில் வைத்தால் ஓரம் மட்டும் கொதித்து நடுவில் சும்மா கிடக்குமே, அதே சங்கதி.

இங்கே ஒரு சொல்லைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு பொருள் தன் வழியே வெப்பத்தை எவ்வளவு தாராளமாகப் போக விடுகிறது என்பதன் அளவு வெப்பக் கடத்துதிறன். மீட்டர்-கெல்வினுக்கு இத்தனை வாட் என்று குறிப்பார்கள். பேஸ்ட் அட்டையில் பெரிதாக அச்சடித்திருக்கும் எண்ணும் அதுவே. காற்றுக்கு அது சுமார் 0.026. தண்ணீருக்கு 0.6. கடையில் கிடைக்கும் நல்ல பேஸ்ட்களுக்கு அட்டைப்படி 4 முதல் 12 வரை. அலுமினியத்துக்கு 200-க்கு மேல். செம்புக்கு ஏறக்குறைய 400.

இந்த எண்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் இரண்டு விஷயம் தெரியும். காற்றோடு ஒப்பிட்டால் பேஸ்ட் நூற்றுக்கணக்கான மடங்கு மேல். செம்போடு ஒப்பிட்டால் பேஸ்ட் படுமட்டம். காற்று இருந்த பள்ளத்தில் பேஸ்ட் போய் உட்கார்ந்தால் லாபம். உலோகம் உலோகத்தைத் தொட வேண்டிய இடத்தில் பேஸ்ட் தடிமனாக நின்றால் நஷ்டம்.

ஒரு சின்னக் கணக்கு

வெப்பத் தடையைக் கண்டுபிடிக்க, பேஸ்டின் தடிமனைக் கடத்துதிறனாலும் பரப்பாலும் வகுத்தால் போதும். வரும் விடையை வாட்டால் பெருக்கினால், பேஸ்ட் என்ற அந்த ஓர் அடுக்கைக் கடக்கவே எத்தனை டிகிரி செலவாகிறது என்று கிடைத்துவிடும். அதே 100 வாட், அதே 2 சதுர சென்டிமீட்டர் டை, மூடி இல்லாத கேமிங் லேப்டாப் என்று வைத்துக்கொள்வோம்.

1. கடத்துதிறன் 5, தடிமன் 0.05 மில்லிமீட்டர்: 5 டிகிரி.
2. விலை உயர்ந்த பேஸ்ட், கடத்துதிறன் 10, தடிமன் அதே 0.05: 2.5 டிகிரி.
3. பழைய, கடத்துதிறன் 5 உள்ள பேஸ்டே, ஆனால் திருகு சரியாக இறுகாமல் தடிமன் 0.2 மில்லிமீட்டர்: 20 டிகிரி.
4. தடிமன் சரி, பேஸ்டும் சரி, ஆனால் டையில் பாதிதான் மூடியிருக்கிறது: குறைந்தது 10 டிகிரி. மூடாத பாதியின் கீழே இருக்கும் கோர்களின் (ப்ராசஸருக்குள் கணக்குப் போடும் தனித்தனிப் பகுதிகள்) கதி இன்னும் மோசம்.

இரண்டு மடங்கு ‘சிறந்த’ பேஸ்ட் தரும் ஆதாயம் இரண்டரை டிகிரி. ஒரு திருகு சாய்ந்தால் வரும் சேதம் பதினைந்து டிகிரி. மூடி உள்ள டெஸ்க்டாப்பில் வெப்பம் முதலிலேயே அகலமாகப் பரவிவிடுவதால் பிராண்டு வித்தியாசம் இதைவிடவும் சுருங்கிப்போகும். அட்டையில் உள்ள எண்ணைப் பார்த்துக் கூடுதல் காசு கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லாததற்குக் காரணம் இதுதான். போதாக்குறைக்கு, ஒவ்வொரு கம்பெனியும் தன் பாணியில் அளந்து அச்சிடும் எண் அது. இரண்டு அட்டைகளை அருகருகே வைத்து ஒப்பிடுவதும் அவ்வளவு சரியல்ல. இளகித் தடவ வருவதும், நாளாவட்டத்தில் இடம் பெயராமல் நிற்பதுமே பேஸ்டில் பார்க்க வேண்டிய குணங்கள்.

பேஸ்ட் உண்மையில் காய்கிறதா

பெரும்பாலான பேஸ்ட்களில் சிலிக்கோன் எண்ணெயும் அதில் குழைத்த நுண்ணிய பொடியும் இருக்கும். பொடி துத்தநாக ஆக்சைடாக, அலுமினிய ஆக்சைடாக, அலுமினிய நைட்ரைடாக இருக்கலாம். ஆம்ப்ளிஃபயர், இன்வெர்ட்டர் ரிப்பேர் கடைகளில் டப்பாவில் வைத்திருக்கும் வெள்ளை ஹீட்சிங்க் காம்பவுண்டும் இதே குடும்பம்தான். வெப்பத்தைக் கொண்டுபோவது பொடி. பொடியைப் பள்ளங்களுக்குள் கொண்டு சேர்ப்பது எண்ணெய்.

சிலிக்கோன் எண்ணெய் தண்ணீர்போல் ஆவியாகிவிடாது. எனவே ‘காய்ந்துவிட்டது’ என்பது பாதி உண்மை. வருடக்கணக்கில் சூட்டில் கிடந்தால் எண்ணெய் மெல்லப் பிரிந்து ஓரமாகக் கசியும், பொடி மட்டும் சுண்ணாம்புபோல் இறுகி நிற்கும். இது ஒரு வகைப் பழுது. லேப்டாப்களில் அதைவிட அதிகம் தொல்லை தருவது வேறொன்று. வேலை ஏறும்போது டையும் ஹீட்சிங்கும் சூடாகி விரிகின்றன. வேலை இறங்கியதும் சுருங்குகின்றன. சிலிக்கானும் செம்பும் ஒரே அளவில் விரிவதில்லை. ஒவ்வொரு முறையும் பேஸ்ட் ஒரு துளி வெளியே பிதுங்குகிறது, அதன் இடத்தைப் பிடிக்கக் காற்று நுழைகிறது. ஆயிரக்கணக்கான முறை இப்படி நடந்தபின் டையின் நடுவில் பேஸ்டே இருக்காது. ஓரங்களில் கரைகட்டி நிற்கும். ஆங்கிலத்தில் இதற்குப் பம்ப்-அவுட் என்று பெயர். நீர்போல் இளகிய பேஸ்ட்கள் இதில் சீக்கிரம் தோற்றுப்போகும். புதிதாகத் தடவிய வாரம் அற்புதமாக இருந்து மூன்று மாதத்தில் பழையபடி ஆனது என்று ஒருவர் சொன்னால், சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

முதலில் தில்லியைக் கழித்துவிடுங்கள்

ப்ராசஸரின் வெப்பநிலை என்பது அறையின் வெப்பநிலைக்கு மேல் எவ்வளவு என்பதே. கூலரால் அறையைவிடக் கீழே போக முடியாது. ஜனவரி இரவில் 15 டிகிரி அறையில் 65 காட்டிய மெஷின், மே மாதத்தில் ஏசி இல்லாத 38 டிகிரி அறையில் 88 காட்டினால் அதில் பேஸ்டின் தப்பு எதுவும் இல்லை. இரண்டு நாளும் வித்தியாசம் அதே 50 டிகிரிதான். 2024 மே 29 அன்று தில்லியின் சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 46.8 டிகிரி பதிவானது. அப்படிப்பட்ட நாளில் மொட்டைமாடியில் உள்ள பர்சாத்தி அறையில் எந்த பேஸ்டும் அதிசயம் செய்துவிடாது. எப்போது அளந்தாலும் அறை வெப்பநிலையையும் சேர்த்துக் குறித்துக்கொண்டு, கழித்து வரும் எண்ணை ஒப்பிடுங்கள்.

அடுத்தது தூசி. ஆந்தி என்னும் புழுதிக்காற்று வீசும் மே, ஜூனில் சாத்திய ஜன்னலுக்குள்ளும் மேசைமேல் மஞ்சள் படலம் படிகிறது. லேப்டாப் ஃபேன் அந்தக் காற்றைத்தான் நாள் முழுக்க உறிஞ்சுகிறது. தூசி, துணி இழை, தலைமுடி எல்லாம் ஃபேனுக்கும் தகடுகளுக்கும் நடுவில் போய்க் கம்பளிபோல் படிந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஃபேனைக் கழற்றினால்தான் தெரியும். கடையில் பேஸ்ட் மாற்றியதும் லேப்டாப் ‘புதுசுபோல்’ ஆகிவிட்டது என்பவர்களின் அனுபவத்தில் பெரும்பங்கு, அதே சமயம் அந்தக் கம்பளி அகற்றப்பட்டதற்குச் சேர வேண்டியது என்பது என் எண்ணம்.

எது பழுது என்று கண்டுபிடிப்பது

மெஷினைத் திறக்காமலே ஓரளவு சொல்லிவிடலாம். விண்டோஸில் எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற இலவச மென்பொருளும், லினக்ஸில் சென்சார்ஸ் கட்டளையும் ஒவ்வொரு கோரின் வெப்பநிலையையும் காட்டும். ப்ராசஸரை முழு வேலை வாங்கும் சினிபெஞ்ச் போன்ற ஒரு சோதனையைப் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு இவற்றைக் கவனியுங்கள்:

1. எண் எப்படி ஏறுகிறது? டை மிகச் சிறியது. வெப்பம் போக வழியில்லாவிட்டால் நொடிகளில் உச்சத்தைத் தொடும், வேலை நின்ற கணமே சட்டென்று விழும். அப்படியானால் தொடுபரப்பில் கோளாறு, அதாவது பேஸ்ட் அல்லது திருகு. நிமிடக்கணக்கில் மெல்ல மெல்ல ஏறி, நிறுத்தியபின்னும் மெதுவாகவே இறங்கினால் வெப்பம் ஹீட்சிங்குக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, அங்கிருந்து வெளியேறவில்லை என்று பொருள். அது தூசி அல்லது ஃபேன்.
2. வெளியே வரும் காற்று எப்படி? திரையில் 95, ஃபேன் முழு வேகம், காற்றும் நன்றாக வீசுகிறது, ஆனால் கை வைத்தால் வெதுவெதுப்பு மட்டும் என்றால் வெப்பம் தகடுகளை எட்டவே இல்லை. காற்று கொதிக்கிறது, ஆனால் மூச்சுவிடுவதுபோல் மெலிதாக வருகிறது என்றால் அடைப்பு. லூ என்னும் அனல்காற்று வீசும் மத்தியானத்தில் எல்லாக் காற்றும் சுடத்தான் செய்யும். இந்தச் சோதனையை விடியற்காலையில் செய்து பாருங்கள்.
3. கோர்களுக்குள் எவ்வளவு வித்தியாசம்? ஏழெட்டு டிகிரி சகஜம். ஒரு கோர் மட்டும் மற்றவற்றைவிட இருபது டிகிரி மேலே நின்றால் பேஸ்ட் முழுவதும் மூடவில்லை, அல்லது ஹீட்சிங்க் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது.

புதிய ப்ராசஸர்களும் வேலை தொடங்கியதும் இருபது முப்பது டிகிரி தாவத்தான் செய்யும். தாவலைக் கண்டு பயப்பட வேண்டாம். தாவி எங்கே போய் நிற்கிறது என்பதைப் பாருங்கள்.

90 டிகிரி ஆபத்தா

ஒவ்வொரு ப்ராசஸருக்கும் உற்பத்தியாளர் ஓர் உச்ச வரம்பு வைத்திருக்கிறார். இன்டெல் ப்ராசஸர்களில் பெரும்பாலானவற்றுக்கு அது 100 டிகிரி. 2022-இல் வந்த ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் பலவற்றுக்கு 95. அந்த வரம்பை நெருங்கியதும் ப்ராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இதைத் த்ராட்லிங் என்பார்கள். படம் உறைவதும் கேம் திணறுவதும் இதன் விளைவு. அதையும் மீறிச் சூடானால் மெஷின் தானாக அணைந்துவிடும். சில்லு கருகிப்போகும் முன்பே காவல் வேலை தொடங்கிவிடுகிறது.

ரைசன் 7000-இன் பெரிய ப்ராசஸர்கள் முழு வேலையில் 95-இலேயே நிற்கும்படி வடிவமைக்கப்பட்டவை என்று ஏஎம்டியே சொல்லியிருக்கிறது. வெப்பத்துக்கு இடம் மிச்சமிருந்தால் அதை அவை வேகமாக மாற்றிக்கொள்ளும். ஆகவே பேஸ்டை அருமையாக மாற்றியபின்னும் திரையில் அதே 95 தெரியலாம். ‘காசு வீண்’ என்று நினைக்க வேண்டாம். கிளாக் வேகமும் சோதனை மதிப்பெண்ணும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இப்போதைய லேப்டாப்கள் பலவும் இதே போக்குதான்.

மாற்றும் முறை

காலண்டரைப் பார்த்து மாற்ற வேண்டியதில்லை. மூடி உள்ள டெஸ்க்டாப்பில் நல்ல பேஸ்ட் நான்கைந்து வருடம் சாதாரணமாகத் தாங்கும். லேப்டாப்பில் இரண்டு மூன்று வருடத்தில் ஒரு தரம் அளந்து பார்க்கலாம். ஆனால் எந்தக் காரணத்துக்காகவாவது ஹீட்சிங்கைக் கழற்றினால் புதுப் பேஸ்ட் கட்டாயம். பிரித்த பழைய பேஸ்டை அப்படியே மறுபடி அழுத்தினால் நடுநடுவே காற்றுக் குமிழிகள் சிக்கிக்கொள்ளும். வாரண்டி இருக்கும் லேப்டாப்பாக இருந்தால், திறப்பதற்கு முன் அதன் நிபந்தனைகளை ஒருமுறை படித்துவிடுங்கள்.

1. ஐந்து நிமிடம் ஏதாவது கனமான வேலை கொடுத்துச் சூடாக்குங்கள். சூட்டில் பேஸ்ட் இளகும். தில்லியின் டிசம்பர், ஜனவரியில் இதைத் தவிர்க்கவே கூடாது. குளிரில் பேஸ்ட் கோந்துபோல் பிடித்துக்கொண்டிருக்கும். பிறகு அணைத்து, மின்இணைப்பை எடுத்து, லேப்டாப் என்றால் பேட்டரி கனெக்டரையும் கழற்றுங்கள்.

2. ஹீட்சிங்கை நேராக மேலே பிடுங்காதீர்கள். இடமும் வலமுமாக மெல்லத் திருகி, பிடி விட்டபின் தூக்குங்கள். ரைசன் 5000 வரையிலான, ஏஎம்4 சாக்கெட் ப்ராசஸர்களில் பின்கள் ப்ராசஸரின் அடியில் இருக்கும்; பிடுங்கினால் கூலரோடு ப்ராசஸரும் சாக்கெட்டிலிருந்து பெயர்ந்து வந்துவிடும். 1331 பின்களில் ஒன்று வளைந்தாலும் தலைவலிதான்.

3. பழைய பேஸ்டை முதலில் உலர்ந்த டிஷ்யூவால் வழித்தெடுங்கள். மீதியை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, இழை உதிராத துணியால் துடையுங்கள். மொபைல் ரிப்பேர் சாமான் விற்கும் கடைகளில் ஐபிஏ என்று கேட்டால் தருவார்கள். 99 சதவீதம் நல்லது, 90-க்குக் கீழே வேண்டாம். கைக்குத் தடவும் சானிடைசரில் தண்ணீரும் கிளிசரினும் கலந்திருக்கும், படலம் விட்டுவிடும். நெயில் பாலிஷ் ரிமூவரும் ஆகாது. துடைத்த பரப்பை விரலால் தொடாதீர்கள்.

4. ஃபேனையும் தகடுகளையும் இப்போதே சுத்தம் செய்யுங்கள். காற்று அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கட்டுமீறிச் சுற்றவிட்டால் பேரிங் போய்விடும்.

5. மூடி உள்ள டெஸ்க்டாப் ப்ராசஸர் என்றால் நடுவில் பட்டாணி அளவு ஒரு பொட்டு. இன்டெல் 12-ஆம் தலைமுறையிலிருந்து ப்ராசஸர் நீள்சதுரம் என்பதால் நீளவாக்கில் ஒரு கோடு போடுவது மேல். மூலைக்கு மூலை பெருக்கல் குறியும் போடலாம். ஹீட்சிங்கின் அழுத்தமே பேஸ்டைப் பரப்பிவிடும். லேப்டாப் டைக்கு இந்த முறை சரிப்படாது: அங்கே அழுத்தம் குறைவு, ஓரம்வரை மூட வேண்டியது அவசியம். பழைய ஏடிஎம் கார்டாலோ பேஸ்டோடு வரும் கரண்டியாலோ டை முழுவதும் மெல்லியதாகத் தடவிவிடுங்கள்.

6. ஹீட்சிங்கை நேராக இறக்கி வையுங்கள். வைத்தபின் தூக்கிப் பார்க்கும் ஆசை யாருக்கும் வரும். தூக்கினால் துடைத்துவிட்டுத் திரும்பத் தொடங்க வேண்டியதுதான். திருகுகளைக் கார் சக்கரத்து நட்டுபோல் எதிரெதிர் மூலையாக, ஒவ்வொன்றும் இரண்டு சுற்று, பிறகு அடுத்தது என்று இறுக்குங்கள். லேப்டாப் ஹீட்சிங்கில் திருகுக்குப் பக்கத்திலேயே 1, 2, 3, 4 என்று எண் பொறித்திருப்பார்கள். கழற்றும்போது அதே வரிசை பின்னிருந்து முன்னாக.

அளவு சற்றுக் கூடிப்போனால் என்ன ஆகும்? சாதாரண பேஸ்ட் மின்சாரம் கடத்தாது. கூடுதலானது அழுத்தத்தில் ஓரமாகப் பிதுங்கி நிற்கும், அசிங்கமாக இருக்கும், அதோடு சரி. குறைந்துபோனால்தான் சேதம், மேலே போட்ட நான்காவது கணக்கு அதுதான்.

புதிதாக வாங்கிய கூலரின் அடியில் ஏற்கெனவே சாம்பல் நிறத்தில் பேஸ்ட் தடவியிருந்தால் அதன்மேல் இன்னும் கொஞ்சம் ‘பாதுகாப்புக்கு’ வைக்கத் தேவையில்லை.

பக்கத்திலிருக்கும் பேட்களைத் தொடாதீர்கள்

லேப்டாப்பிலும் கிராஃபிக்ஸ் கார்டிலும் மெமரி சில்லுகளின் மேல் ரப்பர்போல் மெத்தென்ற தெர்மல் பேட் இருக்கும். அவை அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் என்று பெரிய இடைவெளிகளை நிரப்புபவை. அந்த வேலையைப் பேஸ்ட் செய்யாது. கிழிந்தால் அதே தடிமனில்தான் மாற்ற வேண்டும். அரை மில்லிமீட்டர் இருந்த இடத்தில் ஒரு மில்லிமீட்டர் பேட் வைத்தால் ஹீட்சிங்க் முழுவதும் சற்றே தூக்கிக்கொண்டு, டையின் மேல் பேஸ்ட் தடிமனாகிவிடும். மெமரியைக் காப்பாற்றப்போய் ப்ராசஸரை வேக வைத்த கதை. கடையில் கொடுத்து மாற்றினால் பேஸ்டின் பெயரைக் கேட்பதைவிட, பேட்களை எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்தார்களா என்று கேளுங்கள். முடிந்தால் ஃபேனில் இருந்த தூசியையும் காட்டச் சொல்லுங்கள்.

மூடிக்கு அடியில் இருப்பது

டெஸ்க்டாப் ப்ராசஸரில் டைக்கும் மூடிக்கும் நடுவே இன்னொரு அடுக்கு உண்டு என்று தொடக்கத்தில் பார்த்தோம். 2011-இன் சாண்டி பிரிட்ஜ் தலைமுறை வரை இன்டெல் தன் முக்கிய டெஸ்க்டாப் ப்ராசஸர்களில் அங்கே சாலிடர் வைத்தது. 2012-இன் ஐவி பிரிட்ஜில் பேஸ்டுக்கு மாறியது. ஆர்வலர்கள் கொதித்தார்கள், மூடியைப் பிளேடால் அறுத்துத் திறந்து தாங்களே பேஸ்டை மாற்றத் தொடங்கினார்கள். 2018-இல் 9-ஆம் தலைமுறையின் உயர்ரக ப்ராசஸர்களில் சாலிடர் திரும்பி வந்தது. நான்காம், ஆறாம், ஏழாம் தலைமுறை இன்டெல் டெஸ்க்டாப்பை இன்னும் வைத்திருப்பவர்கள் மேலே எவ்வளவு நல்ல பேஸ்ட் போட்டும் எண் இறங்காமல் தவிப்பதற்கு இந்த உள் அடுக்கு காரணமாக இருக்கலாம். அதற்காக மூடியை அறுக்கும் வேலையில் இறங்க வேண்டாம். அந்த வயது மெஷினுக்கு அந்த ஆபத்து கட்டுப்படியாகாது.

பேஸ்டுக்கு மாற்று

லிக்விட் மெட்டல் என்பது காலியம், இண்டியம், வெள்ளீயம் கலந்த, சாதாரண அறையிலேயே திரவமாக இருக்கும் உலோகம். தனிக் காலியமே 30 டிகிரிக்குச் சற்று முன்னால் உருகிவிடும். தில்லி மே மாதத்தில் மேசைமேல் வைத்தால் போதும். கடத்துதிறனில் எந்தப் பேஸ்டும் அருகில் வர முடியாது. 2020-இல் வந்த ப்ளேஸ்டேஷன் 5-இல் சோனி இதைத்தான் வைத்தது. ஆனால் இது மின்சாரத்தைக் கடத்தும்: மதர்போர்டில் ஒரு துளி சிந்தினால் ஷார்ட். அலுமினியத்தையும் அரித்துவிடும், அலுமினிய அடி கொண்ட கூலரில் பட்டால் உலோகம் நொறுங்கிப்போகும். தொழிற்சாலை தடுப்புச் சுவர் கட்டி வைப்பதையும், நாம் பையில் போட்டு மெட்ரோவில் தூக்கித் திரியும் லேப்டாப்பில் கையால் தடவுவதையும் ஒன்றாக நினைக்கக் கூடாது.

எனக்கு லேப்டாப்புக்கு உகந்ததாகத் தோன்றுவது ஃபேஸ் சேஞ்ச் பேட். ஹனிவெல்லின் பிடிஎம்7950 இந்த வகையில் பேர்பெற்றது. கையில் எடுக்கும்போது மெல்லிய தாள், 45 டிகிரி வாக்கில் மெழுகுபோல் இளகிப் பள்ளங்களில் போய்ப் படியும், ஆறினால் மறுபடி கெட்டியாகும். பேஸ்ட்போல் பிதுங்கி வெளியே ஓடாது என்பதே இதன் முக்கியமான குணம். டை அளவுக்கு வெட்டி ஒட்டினால் முடிந்தது. தில்லிக் கோடையில் வெட்டுவதற்கு முன் சிறிது நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தால் மேல்தாள் ஒழுங்காக உரியும். ஒட்டியதும் எண் பிரமாதமாக இருக்காது. சில தரம் சூடாகி ஆறியபின்தான் சரியாக உட்காரும்.

டூத்பேஸ்ட் வைத்தும் வேலை செய்கிறதாமே என்று கேட்பவர்கள் எப்போதும் உண்டு. செய்யும், சில மணி நேரத்துக்கு. அதில் இருக்கும் தண்ணீர் காற்றை விரட்டிவிடுகிறது. பிறகு அந்தத் தண்ணீர் ஆவியாகிறது. உண்மையிலேயே காய்ந்துபோகும் பேஸ்ட் அதுதான்.

மாற்றியபின் எண் கூடினால்

முன்பு செய்த அதே சோதனையை, முடிந்தால் அதே நேரத்தில், அறை வெப்பநிலையைக் கழித்து ஒப்பிடுங்கள். இறங்குவதற்குப் பதில் ஏறியிருந்தால் பேஸ்டைச் சந்தேகிக்கும் முன் இந்த வரிசையில் பாருங்கள்:

1. புதுக் கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா?
2. எல்லாத் திருகும் ஒரே அளவு இறுகியிருக்கிறதா? ஒரு மூலை மட்டும் தூக்கிக்கொண்டிருந்தால் ஹீட்சிங்கை எடுத்துப் பாருங்கள். டையின் மேல் பேஸ்ட் ஒரு பக்கம் மெலிந்தும் ஒரு பக்கம் தடித்தும் அச்சு விட்டிருக்கும்.
3. ஏதாவது பேட் மடிந்தோ இடம் மாறியோ இருக்கிறதா?
4. ஃபேன் சுற்றுகிறதா? கழற்றிய ஃபேன் ஒயரைத் திரும்பச் செருக மறப்பது நாம் நினைப்பதைவிடச் சகஜம்.